கையில் பிடிக்க முடியாத சரக்கும் நாணயமான வாணிபமும்

மேச்சேரிச் சந்தையில் ஆடு வாங்குபவர் எவ்வாறு வாங்குகிறார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். முதுகைத் தடவிச் சதைப்பிடிப்பை அறிகிறார். நாலடி நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று கவனிக்கிறார். அதன் பின்னரே விலை பேச வாய் திறக்கிறார். மேச்சேரி இனச் செம்மறி தோலின் தரத்திற்குப் பெயர் பெற்றது. அந்த இனத்தைப் பேணுவதற்கென்றே அருகிலுள்ள பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அத்தகைய ஆட்டையும் தொட்டுப் பார்க்காமல் எவரும் வாங்குவதில்லை.

ஆனால், தொட்டுப் பார்க்கவே முடியாத ஒரு சரக்கு இன்று உலகச் சந்தையில் விலைபோகிறது. எடை இல்லை, கிடங்கு வேண்டாம், லாரி வாடகை இல்லை. மேச்சேரியில் ஒரு வீட்டின் திண்ணையில் அமர்ந்து எழுதப்பட்டதை, மறு நிமிடமே கனடாவில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம். படித்த பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே உழைக்க வழி தேடும் இக்காலத்தில், பெற்றோராகிய நீங்கள் இவ்வாணிபத்தைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. அதன் ஒரு சிறிய பிரிவாகிய கதை விளையாட்டு நூல்களை எடுத்துக்கொண்டு, அதன் இலாபத்தையும் இடர்ப்பாட்டையும் இங்கே ஆராய்வோம்.

கதை விளையாட்டு என்பது யாது?

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் கதையின் மாந்தர்கள். ஒருவர் வணிகராகவும், ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் மாலுமியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, கதை சொல்லி விவரிக்கும் சூழ்நிலையில் தாம் என்ன செய்வோம் என்று கூறுகின்றனர். அவர்களது முடிவுகளால் கதை நகர்கிறது. இதற்கான விதிகளையும் கதைக்களங்களையும் வரைபடங்களையும் கொண்ட நூலே இங்கு விற்பனைப் பொருள்.

இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974இல் வெளியிட்டனர். முதற்பதிப்பு ஆயிரம் படிகள் மட்டுமே. வீட்டிலேயே பெட்டிகளில் அடுக்கி, பெட்டி ஒன்று 10 டாலர் என விற்றனர். இன்று உலகறிந்த அத்தொழில், ஒரு வீட்டுக்குள் குடிசைத் தொழிலாகவே பிறந்தது.

1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப். என்னும் கோப்பு முறையைக் கொண்டுவந்த பின்னர், அச்சகமும் பெட்டியும் இல்லாமலேயே நூல் விற்க வழி பிறந்தது. 2004இல் தொடங்கப்பட்ட டிரைவ்த்ரூ ஆர்பிஜி என்னும் இணையக் கடை இத்துறையின் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. 2013இல் தோன்றிய இட்ச்.ஐஓ என்னும் தளம் சிறு படைப்பாளிகளின் புகலிடமாயிற்று. அங்கு தளத்திற்கு எவ்வளவு பங்கு தருவது என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம் என்பது வியப்புக்குரியது.

மார்க்கம் என்ன கூறும்?

இந்த வினா உங்கள் உள்ளத்தில் எழுந்திருக்கும், எழவும் வேண்டும். இவ்விளையாட்டுகள் பலவற்றில் பகடை உருட்டப்படுகிறது. 'நர்த்' எனப்படும் பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழிகள் உள்ளன. பந்தயம் இல்லாவிடினும் அது கூடாது என்பது மார்க்க அறிஞர்களில் மிகப் பலரின் கருத்து. மேலும், இவ்வகை நூல்கள் சிலவற்றில் பல தெய்வங்களும் சூனியமும் கதைப்பொருளாக வருகின்றன. ஆகவே, இத்தொழிலில் இறங்க விரும்பும் பிள்ளை முதலில் தக்க ஆலிமிடம் விளக்கம் கேட்பதே முறை.

அதே வேளையில், பகடை இன்றி இவ்விளையாட்டு இல்லை என்று எண்ண வேண்டாம். எரிக் வூஜிக் என்பவர் 1991லேயே பகடை அறவே இல்லாத 'ஆம்பர்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். 2019இல் வெளியான 'ஃபார் தி குயின்' என்பதில் வினாக்கள் அச்சிட்ட அட்டைகள் மட்டுமே உண்டு. ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுத்து, அதிலுள்ள வினாவுக்கு விடை கூறக் கூற, கதை தானே உருவாகிறது. பாட்டிமார் கதை சொல்லப் பேரப்பிள்ளைகள் "அப்புறம்?" என்று கேட்டு வளர்ந்த நம் வீடுகளுக்கு இது அந்நியமானதன்று.

எதை எழுதினால் விலைபோகும்?

வெளிநாட்டார் ஏற்கெனவே எழுதிக் குவித்த கோட்டைகளையும் டிராகன்களையும் நாமும் எழுதினால் எவரும் சீண்ட மாட்டார்கள். மலேசியாவைச் சேர்ந்த செடெக் சியூ என்னும் எழுத்தாளரும் மன் காவ் என்னும் ஓவியரும் தென்கிழக்காசியத் தீவுகளின் வாழ்வையும் நம்பிக்கைகளையும் களமாகக் கொண்டு சிறுசிறு நூல்களை வெளியிட்டனர். தம் மண்ணின் வாசனையையே அவர்கள் சரக்காக்கினர். அதற்கே உலகெங்கும் வாசகர்கள் கிடைத்தனர். இந்தியரான ஜைன் மேமன் உருவாக்கிய 'ஷாஸன்' என்னும் அரசியல் மேசை விளையாட்டு, 2019இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பல நாட்டு ஆதரவாளர்களிடம் முன்பணம் திரட்டி வெளிவந்தது.

மேச்சேரிப் பிள்ளைக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது பல சிற்றூர்கள் நீருக்குள் மூழ்கின. கோடையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் இன்றும் தலைகாட்டுகின்றன. "ஊர் மூழ்கப் போகிறது, உங்களிடம் ஒரே ஒரு மாட்டு வண்டி இருக்கிறது, எதை ஏற்றுவீர்கள்? எதை விட்டுச் செல்வீர்கள்?" இந்த ஒரு வினாவிலிருந்தே ஒரு விளையாட்டு பிறக்குமல்லவா? இதை நியூயார்க்கில் அமர்ந்திருப்பவர் எழுத முடியாது.

விளம்பரம் செய்வது எவ்வாறு?

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பி விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நீங்கள் அறிந்ததே. கண்ணுக்கு முன் குவிந்து கிடந்த தானியத்திற்கே அந்த நியதி என்றால், கண்ணுக்கே தெரியாத சரக்கிற்கு எத்தனை மடங்கு எச்சரிக்கை வேண்டும்! இணையக் கடையில் வாங்குபவரால் கையை விட்டுப் பார்க்க முடியாது. விற்பவரின் சொல்லே அவருக்குக் கண்.

ஆகவே, நல்ல விளம்பரத்தின் முதற்பாடம் உள்ளதை உள்ளபடி சொல்வது. எத்தனை பக்கம், எத்தனை பேர் விளையாடலாம், எத்தனை மணி நேரம் ஆகும், எந்த வயதினருக்கு ஏற்றது, பகடை தேவையா, தனியே இயங்குமா அல்லது வேறொரு நூலும் வாங்க வேண்டுமா — இவையனைத்தையும் விவரப் பகுதியில் எழுதிவிட வேண்டும். மாதிரிப் பக்கங்கள் சிலவற்றை இலவசமாகக் காட்ட வேண்டும். படங்களைக் கணினியின் செயற்கை அறிவு வரைந்திருந்தால் அதையும் மறைக்கலாகாது. தமிழில் வெளியிடுவோர், எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பதித்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இல்லாவிடில் வாங்குபவரின் கணினியில் தமிழெழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள்தாம் தெரியும்.

இரண்டாவது பாடம், ஆடிக் காட்டுவது. அமெரிக்காவில் 'கிரிட்டிகல் ரோல்' என்னும் குழுவினர் 2015 முதல் தாங்கள் விளையாடுவதையே இணையத்தில் ஒளிபரப்பினர். 2019இல் ஒரு கார்ட்டூன் படத்திற்காக அவர்கள் ஏழரை லட்சம் டாலர் கேட்டபோது, 88 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 1 கோடியே 13 லட்சம் டாலருக்கு மேல் வழங்கினர். பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய நம்பிக்கையே பணமாயிற்று.

மூன்றாவது பாடம், கொடுப்பது. இட்ச்.ஐஓ தளத்தில் எழுத்தாளர்கள் பலர், காசு கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கென்று சில படிகளை இலவசமாக ஒதுக்கி வைக்கின்றனர். ஒருவர் வாங்கினால் இல்லாதவர் ஒருவருக்கும் ஒரு படி சேரும் என்பது அவர்களுள் பலரது வழக்கம். 2020 ஜூன் மாதத்தில் அத்தளத்தின் படைப்பாளிகள் தம் படைப்புகளை ஒரே தொகுப்பாக்கி, குறைந்தது 5 டாலர் தந்தால் போதும் என்று அறிவித்தனர். 81 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. இன நீதிக்காகப் பாடுபடும் அமைப்புகளுக்கு அது வழங்கப்பட்டது. ஈகை வியாபாரத்திற்குப் பகையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பேராசை வேண்டாம்

அந்தக் கோடிகளைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. டிரைவ்த்ரூ ஆர்பிஜி கடையில் நன்கு விற்கும் நூல்களுக்கு உலோகப் பெயரால் பட்டம் உண்டு. அவற்றுள் தொடக்கப் பட்டமாகிய 'செம்பு', விற்பனை 50 படிகளைத் தாண்டினாலே கிடைத்துவிடும். சந்தை எவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே அளவுகோல். 5 டாலர் விலையுள்ள நூலில் விற்பவருக்கு 65 விழுக்காடு கிடைப்பதாகக் கொள்வோம். 50 படிகள் விற்றால் 162 டாலர் 50 சென்ட். அதற்கு ஆறு மாத உழைப்பு செலவாகியிருக்கலாம். எனவே, கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு இதில் குதிப்பது அறிவுடைமையாகாது. ஓய்வு நேரத்தில் தொடங்கி, நூல்கள் நான்கைந்து சேர்ந்த பிறகு கணக்குப் பார்ப்பதே சரி. வரும் பணம் சிறிதாயினும் வங்கி வழியே பெற்று, வருமான வரிக் கணக்கில் காட்டிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பமிடுவதும் ஆபத்து. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 2000ஆம் ஆண்டில் தன் விதிகளைப் பிறரும் பயன்படுத்தி நூல் எழுத உரிமம் வழங்கியது. அதை நம்பிப் பல சிறு பதிப்பகங்கள் வாழ்ந்தன. 2023 ஜனவரியில், அவ்வுரிமத்தை மாற்றி வருவாயில் பங்கு கேட்கும் வரைவு ஒன்று கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் கொதித்தெழுந்தனர். அதே மாதம் 27ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் வெளியிட்டது. பிறர் நிலத்தில் வீடு கட்டுபவர் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

திருட்டு நம் வீட்டிலுமா?

இனி, நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. இச்சரக்கை ஒருமுறை வாங்கியவர் ஆயிரம் பேருக்குப் படியெடுத்து அனுப்பிவிடலாம். 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் நிறுவனம், தன் நூல் திருட்டுத்தனமாகப் பரப்பப்பட்டது என்று எட்டுப் பேர் மீது வழக்குத் தொடுத்தது. தன் பி.டி.எஃப். நூல்கள் அனைத்தையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அவை மீண்டும் விற்பனைக்கு வந்தது 2013 ஜனவரியில்தான். திருடியவர்களின் பொருட்டு, காசு கொடுத்து வாங்க நின்ற நல்லவர்களும் நான்காண்டுகள் வாயிலில் காக்க வேண்டியதாயிற்று. பெருநிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது. 50 படிகள் விற்பதையே வெற்றியாகக் கருதும் மேச்சேரிப் பிள்ளை தாங்குவானா?

வாசகர்களே! உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வந்த நாவல்கள், பாடநூல்கள், வார இதழ்கள் எத்தனை? அவற்றுள் எழுதியவரின் சம்மதத்துடன் வந்தவை எத்தனை? "எல்லோரும்தானே அனுப்புகிறார்கள்" என்பது விடையாகாது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் பொருள் மதிப்புள்ளவை, மார்க்கம் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்துள்ளது. நாட்டின் சட்டமும் அதையே கூறுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அறிந்தே உரிமையை மீறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எழுத்து வடிவம் பெற்ற கணமே எழுதியவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை.

ஒரு கையால் பிறர் நூலைத் திருட்டுப் படியாக அனுப்பிவிட்டு, மறு கையால் நம் பிள்ளையின் நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்று உலகை அழைப்பது எவ்வகையில் நியாயம்? சந்தையில் அடுத்தவர் ஆட்டை அவிழ்த்துச் செல்பவரை நாம் விடுவதில்லை. எடையில்லாத சரக்கிற்கும் உரியவர் உண்டு. இன்றே உங்கள் வீட்டில் இதைப் பேசுங்கள். அனுமதியின்றி வந்த நூலை மேலும் பரப்புவதில்லை என்று குடும்பமாக முடிவெடுங்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு மகனோ மகளோ எழுதி விற்கப் புறப்படும்போது, அவர்களது சரக்கில் இன்ஷா அல்லாஹ் பரக்கத் இருக்கும்.