எடை மெஷின் காட்டாத கணக்கு... சிறுநீரகப் புற்றுநோயில் தசை ஏன் முக்கியம்?

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் சொல்வது, 'ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்களே' என்பதாகத்தான் இருக்கும். இளைக்கவில்லை என்றால், 'உடம்பு அப்படியேதான் இருக்கு, கவலைப்படாதீங்க' என்று ஆறுதல் சொல்வார்கள். சிறுநீரகப் புற்றுநோயில் இந்த இரண்டையுமே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதுதான் முக்கியம் என்கின்றன ஆய்வுகள்.

பருமன் ஆபத்து... ஆனால்?

புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு உடல் பருமனும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு முக்கியமான காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி, பருமனோடு தொடர்புடைய 13 வகைப் புற்றுநோய்களை 2016-ல் பட்டியலிட்டது. சிறுநீரகப் புற்றுநோயும் அதில் உண்டு.

அதே 2016-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு வேறு மாதிரியான முடிவைச் சொன்னது. நோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவி, சிகிச்சை எடுத்துக்கொண்ட 1,975 பேரின் பதிவுகளை அந்தக் குழு அலசியது. பி.எம்.ஐ 25-க்குக் கீழே இருந்தவர்களில் பாதிப் பேர் 17.1 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். 25-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் பாதிப் பேர் 25.6 மாதங்களைத் தாண்டினார்கள். நோயை வரவழைக்கும் பருமன், நோய் வந்த பிறகு காப்பாற்றுவதுபோலத் தெரிகிறதே... இதைத்தான் மருத்துவர்கள் 'ஒபிசிட்டி பாரடாக்ஸ்' என்கிறார்கள்.

ஒரு விஷயம். இந்த எண்களை யாரும் தங்கள் ஆயுள் கணக்காகப் பார்க்க வேண்டாம். இவை டார்கெட்டட் தெரபி மாத்திரைகளே பிரதான சிகிச்சையாக இருந்த காலத்தைச் சேர்ந்தவை. அதன் பிறகு இம்யூனோதெரபி வந்து, நிலைமை நன்றாகவே முன்னேறியிருக்கிறது.

அப்போ, குண்டாக இருப்பது நல்லதா?

இல்லை. இந்த முரணுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். தீவிரமான புற்றுநோய் உடம்பைத் தானாகவே கரைத்துவிடும். எனவே, ஒல்லியாக இருப்பவர்களில் சிலர் நோய் முற்றியதால் மெலிந்தவர்களாக இருக்கலாம். பருமனானவர்களுக்கு வரும் கட்டியின் தன்மையே சற்று வேறுபட்டிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம்.

மூன்றாவது காரணம், பி.எம்.ஐ என்ற கணக்கிலேயே இருக்கும் ஓட்டை. 170 செ.மீ உயரம், 80 கிலோ எடையுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. இன்னொருவர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். இருவருக்கும் பி.எம்.ஐ 27.7-தான். ஆனால், உடம்பு ஒன்றா?

ஸ்கேனிலேயே இருக்கிறது பதில்

தசையை அளக்கத் தனி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றில்லை. கட்டியைப் பார்க்க எடுத்த வயிற்று சி.டி ஸ்கேனே போதும். இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு இருக்கும் மட்டத்தில் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து, அதில் தசையின் பரப்பை கம்ப்யூட்டரில் அளந்து, உயரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அளவுக்குக் கீழே தசை குறைந்திருந்தால் அதற்குப் பெயர் 'சார்கோபீனியா'. பார்க்கக் குண்டாக இருப்பவருக்கும் இது இருக்கலாம். கொழுப்பு அதை மறைத்துவிடும்.

நோய் பரவாத நிலையில் சிறுநீரகத்தை அகற்றிய 387 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படி ஆராய்ந்தார்கள். தசை குறைந்திருந்தவர்களில் 65 சதவிகிதம் பேரும், மற்றவர்களில் 74 சதவிகிதம் பேரும் ஐந்து ஆண்டுகளைக் கடந்திருந்தார்கள். பரவிய நோய்க்கு சோராஃபெனிப் மாத்திரை எடுத்தவர்களிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், பி.எம்.ஐ 25-க்குக் கீழே இருந்து தசையும் குறைந்திருந்தவர்களையே பக்கவிளைவுகள் அதிகம் படுத்தின. மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியதாயிற்று.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

* ஆறு மாதத்தில், முயற்சி செய்யாமலே 5 சதவிகிதத்துக்கு மேல் எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 60 கிலோ இருப்பவருக்கு அது 3 கிலோ.

* கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, குடத்தைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். எடை அப்படியே இருந்தும் இவையெல்லாம் கஷ்டமாகிக்கொண்டே போனால், அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

* கால் வீக்கம் இருந்தால் எடை மெஷினை நம்ப வேண்டாம். தேங்கிய நீர், தசை கரைவதை மறைத்துவிடும்.

நாமே ஆரம்பிக்கலாமா?

'எதையும் செய்யாதீங்க, படுத்தே இருங்க' என்று பாசத்தில் சொல்வோம். அசையாமல் படுத்திருந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். டாக்டர் அனுமதித்த அளவுக்கு நடப்பதும், தசைக்கு வேலை கொடுக்கும் எளிய பயிற்சிகளும் நல்லது. ஆனால், கேட்காமல் எடை தூக்க வேண்டாம். ஆபரேஷன் காயம் ஆற அவகாசம் வேண்டும். அதோடு, இந்த நோய் எலும்புக்கும் பரவக்கூடியது. அப்படிப் பரவியிருந்தால் எலும்பு முறியும் அபாயம் உண்டு.

சாப்பாட்டிலும் அப்படித்தான். வெறும் கஞ்சியோடு நிறுத்திவிட்டால் தசைக்கு வேண்டிய புரதம் கிடைக்காது. அதற்காகக் கடையில் புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்கி வந்து கலக்கிக் கொடுப்பதும் தவறு. ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு எவ்வளவு புரதம் ஏற்றது என்பதை, கிரியேட்டினின் அளவைப் பார்த்து டாக்டரும் டயட்டீஷியனும்தான் முடிவு செய்ய வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் எதில் எவ்வளவு என்று அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, 'கட்டி எப்படி இருக்கு?' என்பதோடு, 'தசை எப்படி இருக்கு டாக்டர்?' என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்கேன் ஏற்கெனவே கையில் இருக்கிறது.