உருளையில் இறுகும் அணைகள்: திடீர் அதிர்ச்சியைத் தாங்குமா?

புது தில்லி: அருணாசலப் பிரதேசத்தில் திபாங் ஆற்றின் குறுக்கே 278 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை கட்டும் திட்டத்துக்கு 2024 மார்ச் மாதம் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். நிலநடுக்க அபாயம் மிகுந்த இமயமலைப் பகுதியில் இத்தகைய பேரணைகள் எழும்போது, கான்கிரீட் திடீர் அதிர்ச்சியை எப்படித் தாங்கும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. பேரணைகளை விரைந்து கட்டுவதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் ரோலர் கான்கிரீட் முறையைப் பொறுத்தவரை, இதற்கான விடை அவ்வளவு எளிதல்ல.

ஆர்.சி.சி. என்றதும் கம்பி கட்டிப் போடும் வீட்டுக் கூரைதான் நம் நினைவுக்கு வரும். அணைப் பொறியாளர்கள் அதே எழுத்துகளால் குறிப்பிடுவது வேறொன்றை. இதில் கம்பி கிடையாது. சிமென்ட் குறைவு, அனல் மின் நிலையச் சாம்பல் கணிசமாகச் சேர்க்கப்படுகிறது. தண்ணீரோ மிகக் குறைவு. ஈரமண் போன்ற இக்கலவையை ஏறத்தாழ 30 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, சாலை போடுவதைப்போல அதிர்வு உருளைகளால் இறுக்குகின்றனர். சிமென்ட் குறைவதால் உள்வெப்பம் குறைகிறது. செலவும் காலமும் மிச்சமாகின்றன. மகாராஷ்டிரத்தின் காட்கர் நீரேற்று மின் திட்டத்தில்தான் இந்தியா இம்முறையை முதலில் கையாண்டது. மும்பைக்குக் குடிநீர் வழங்கும் 102 மீட்டர் உயர மத்திய வைதர்ணா அணையும் இவ்வகையே.

வேகம் கூடினால் வலிமையும் கூடும்

வழக்கமான சோதனையில் கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்துச் சில நிமிடங்கள் மெல்ல நசுக்குவர். நிலநடுக்கத்தில் சுமை நொடியின் சிறு பகுதிக்குள் ஏறிவிடும். வெடிவிபத்திலோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். இத்தகைய மின்னல்வேகச் சுமையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க, நீண்ட எஃகுத் தண்டுகளுக்கிடையே கட்டியை வைத்து மோதவிடும் ஹாப்கின்சன் தண்டு முறை பயன்படுகிறது.

விந்தை என்னவெனில், சுமை விரைந்து ஏறும்போது கான்கிரீட் கூடுதல் வலிமை காட்டுகிறது. மெதுவாக நசுக்கினால் விரிசல், ஜல்லியைச் சுற்றிப் பலவீனமான வழியைத் தேடிச் செல்லும். வேகமாக நசுக்கினால் அதற்கு அவகாசமில்லை. ஜல்லியையே பிளந்துகொண்டு போகவேண்டும். நுண்துளைகளில் உள்ள நீரும் விரிசல் திறப்பதை எதிர்க்கிறது. வலிமை குறைந்த கான்கிரீட்டில் இந்த உயர்வு விகித அளவில் அதிகம் என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. சிமென்ட் குறைந்த ரோலர் கான்கிரீட்டுக்கு இது சாதகமாகவே தோன்றும்.

அடுக்கில் ஒளிந்திருக்கும் பலவீனம்

ஆனால் இந்த உயர்வைக் கையிருப்பாகக் கருதிக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. ரோலர் கான்கிரீட் அணை நூற்றுக்கணக்கான அடுக்குகளால் ஆனது. கீழ் அடுக்கு காய்ந்த பிறகு மேல் அடுக்கைப் போட்டாலோ, இடையில் தூசி படிந்தாலோ, அந்த இணைப்பு பலவீனப்படும். இணைப்பே இல்லாத சிறு கட்டியைச் சோதித்துப் பெறும் எண், முழு அணையின் வலிமையாகிவிடாது. மேலும், தன் எடையாலேயே நிற்கும் அணைகளில் பெரும்பாலும் ஆபத்து நசுங்குவதில் இல்லை. இழுவிசையில் பிளப்பதிலும் அடுக்குகள் வழுக்குவதிலுமே உள்ளது. நிலநடுக்கமும் ஒரே அடியோடு நிற்பதில்லை. அணையை முன்னும் பின்னுமாக மீண்டும் மீண்டும் உலுக்கும்; முதல் உலுக்கலில் தோன்றிய விரிசல் அடுத்ததில் நீளும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1967 டிசம்பர் 11-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் கொய்னா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். 103 மீட்டர் உயரக் கொய்னா அணை இடியவில்லை. ஆனால் அதன் முகச்சரிவு மாறும் உயரத்தையொட்டி இருபுறமும் கிடைமட்ட விரிசல்கள் தோன்றின. பின்னர் முட்டுச்சுவர்கள் எழுப்பி அணை பலப்படுத்தப்பட்டது. அது ரோலர் கான்கிரீட் அணையல்ல. எனினும் அதன் பாடம் எல்லாக் கான்கிரீட் அணைகளுக்கும் பொதுவானது.

சட்டம் சொல்வது

2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ள அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் அணைகள் அனைத்தையும் ஐந்து ஆண்டுகளுக்குள் சுதந்திரமான வல்லுநர் குழு கொண்டு விரிவாக மதிப்பிட வேண்டும் என்கிறது. 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளில் நிலநடுக்கப் பதிவு நிலையம் அமைப்பதையும் கட்டாயமாக்குகிறது. மண், கட்டுமானப் பொருள்களை ஆராயும் மத்திய ஆய்வு நிலையமும் தில்லியிலேயே உள்ளது.

எனவே சட்டத்துக்கோ நிறுவனங்களுக்கோ குறைவில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுக்கு இணைப்புகளும் சேரும்படி அணையிலிருந்தே மாதிரிகளைத் துளைத்தெடுத்து, மெதுவான சுமை, விரைவான சுமை இரண்டிலும் சோதித்து, முடிவுகளைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும். கட்டும் வேகத்தைப் பெருமையாகச் சொல்லும் அரசுகள், அந்த வேகத்தில் அடுக்குகள் சரியாகப் பிணைந்தனவா என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவை. அணைக்குக் கீழே வாழும் மக்களுக்கு அதை அறியும் உரிமை உண்டு.