கறுத்தக்கொழும்பானும் உழைப்பின் காலமும்

ஈழத்து உலர்வலயத்தின் பழைய மாவினங்களுள் கறுத்தக்கொழும்பான் தனித்து நோக்கத்தக்கது. கனிந்த பின்னும் தோலிற் பசுமை எஞ்சும். சதையோ செம்மஞ்சள், இனிமை மிகுதி. நிறத்தை விலையாக்கும் சந்தைக்கு இது குறையாகலாம், நாவுக்கன்று.

விதைக்கன்று தாய்மரத்தின் இயல்பை அப்படியே பேணும் என்பதற்கில்லை. ஒட்டுக்கன்றே அதனைப் பேணுவது. எனவே இவ்வினத்தை இயற்கையின் கொடையென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தெரிந்தெடுத்து, ஒட்டி, நீரூற்றி வளர்த்த பெயரறியா உழைப்பாளரின் திரண்ட உழைப்பு அது.

காணியிழப்பை ஏக்கர்க் கணக்கில் மட்டும் அளப்போர் தோட்டத்தில் உறைந்துள்ள இவ்வுழைப்பைக் காண்பதில்லை. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணிகள் பல மீண்டன. 2016இல் திரும்பியவர் அவ்வாண்டே ஒட்டுமாங்கன்று நட்டிருப்பினும், முதற்பழத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நிறைவிளைச்சலுக்கு மேலும் பல.