கன்சோலா, கணினியா?

ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காணொளி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நண்பர்கள் விரைவிலேயே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுவார்கள். “கணினியில் விளையாடினால்தான் காட்சிகள் உண்மைபோல் இருக்கும்” என்பார் ஒருவர். “கன்சோலைத் தொலைக்காட்சியோடு இணைத்தால் போதும். வேறு தொல்லையே இல்லை” என்பார் மற்றொருவர். மணி அடிக்கும்வரை வாதம் முடியாது.

இதே கேள்வி வீட்டிலும் எழுவதுண்டு. அங்கே அது வெறும் வாதமன்று. பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணமும் அதில் அடங்கியிருக்கிறது. வாங்கும் சாதனத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்த வேண்டும். எனவே, இவ்விரண்டின் வரைகலையும் எவ்வாறு வேறுபடுகிறது, இனி அது எந்தத் திசையில் வளரும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காட்சி உருவாகும் விதம்

திரையில் நாம் காணும் ஒவ்வொரு காட்சியும் படப்புள்ளிகள் எனப்படும் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனது. முழு உயர்தெளிவுத் திரையில் கிடைமட்டமாக 1,920 புள்ளிகளும் செங்குத்தாக 1,080 புள்ளிகளும் உள்ளன. அதாவது, மொத்தம் ஏறத்தாழ 2 மில்லியன் புள்ளிகள். 4கே திரையில் இந்த எண்ணிக்கை நான்கு மடங்காகி, 8 மில்லியனைத் தாண்டுகிறது.

திரைப்படத்தின் காட்சிகள் முன்கூட்டியே உருவாக்கப்பட்டவை. விளையாட்டு அப்படியன்று. நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்களா வலப்பக்கம் திரும்புவீர்களா என்பது சாதனத்துக்கு முன்னரே தெரியாது. நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகுதான் அது கணக்கிட்டு அடுத்த காட்சியை வரைய வேண்டும். ஒரு வினாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமானால், ஒரு படத்தை வரைய 17 மில்லிவினாடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். நாம் ஒரு முறை கண்ணிமைப்பதற்குள் இத்தகைய பல படங்கள் வரையப்பட்டுவிடும்.

இவ்வேலையைச் செய்வது வரைகலைச் செயலி. விளையாட்டில் தோன்றும் மரம், வீடு, மனிதர் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் சிறுசிறு முக்கோணங்களால் அமைக்கப்பட்டவை. எந்த முக்கோணம் எந்தப் புள்ளியில் தெரியும், அதன்மேல் ஒளி எப்படி விழும் என்பதையெல்லாம் இச்செயலி கணக்கிடுகிறது. செயலி எவ்வளவு வலிமை வாய்ந்ததோ அவ்வளவு நுணுக்கமாகக் காட்சியை வரைய முடியும்.

சிறிய பெட்டிக்குள் பெரிய உலகம்

ஆனால், வலிமை மட்டுமே நல்ல காட்சியைத் தந்துவிடுவதில்லை. 1977ஆம் ஆண்டு வெளிவந்த அடாரி 2600 கன்சோலின் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதினாலே அந்த இடம் நிரம்பிவிடும். அந்தச் சிறிய இடத்தை வைத்துக்கொண்டே வடிவமைப்பாளர்கள் உலகமே விரும்பி விளையாடிய விளையாட்டுகளை உருவாக்கினார்கள்.

நிண்டெண்டோ நிறுவனம் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிட்டது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த விளையாட்டில் வானத்தில் மிதக்கும் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இரண்டும் ஒரே வடிவம்தான்! நிறம் மட்டுமே வேறு. இடத்தை மிச்சப்படுத்த வடிவமைப்பாளர்கள் கையாண்ட உத்தி அது. பல்லாண்டுகளாக விளையாடியவர்களில் பலர் அதைக் கவனித்ததே இல்லை.

இரண்டு பாதைகள்

கன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சாதனம். ஒரு மாதிரியைச் சேர்ந்த கன்சோல்கள் அனைத்தின் உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. அது பல ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறுவதில்லை. கணினியின் நிலை வேறு. அதன் செயலியையும் நினைவகத்தையும் வரைகலை அட்டையையும் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஒருவர் கணினியைப்போல் இன்னொருவர் கணினி இருப்பதில்லை.

கன்சோலுக்கு விளையாட்டை உருவாக்குவது, ஒருவருக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதைப் போன்றது. அதன் திறன் இவ்வளவுதான் என்று உருவாக்குநருக்குத் தெரியும். அதற்குள் கச்சிதமாகப் பொருத்திவிடலாம். கணினிக்கு உருவாக்குவதோ, முன்பின் பார்த்திராத ஆயிரம் பேருக்குச் சட்டை தைப்பதைப் போன்றது. எனவேதான், கணினி விளையாட்டுகளில் காட்சித் தரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பல தெரிவுகள் தரப்படுகின்றன.

விலையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. பிளேஸ்டேஷன் 5, 2020ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. என்விடியா நிறுவனம் 2025ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஆர்டிஎக்ஸ் 5090 வரைகலை அட்டையின் தொடக்க விலை 1,999 டாலர். இது அட்டைக்கு மட்டுமே. கணினியின் மற்றப் பாகங்களை வேறு வாங்க வேண்டும். மிக உயர்ந்த காட்சித் தரம் கணினியில்தான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால், கணினி வைத்திருக்கும் எல்லாரிடமும் அத்தகைய அட்டை இருப்பதில்லை.

மேலும், இரண்டும் நாம் நினைக்கும் அளவுக்கு வேறானவையும் அல்ல. 2006ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 3, தனித்தன்மை வாய்ந்த செயலியைக் கொண்டிருந்தது. அதற்கேற்ப விளையாட்டுகளை எழுதுவது கடினமாக இருந்தது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும் கணினிச் செயலிகளின் குடும்பத்தைச் சேர்ந்த செயலிகளைப் பயன்படுத்தின. அவற்றை வடிவமைத்தது கணினிகளுக்கும் செயலி தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம். அன்றுமுதல் கன்சோலின் உள்ளே இருப்பதும் ஒரு வகைக் கணினிதான். இன்று ஒரே விளையாட்டு இரண்டிலும் வெளிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளியின் வழியே

வரைகலையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது தவறாமல் இடம்பெறுவது ‘ஒளிக்கதிர்த் தடமறிதல்’. உண்மை உலகில் விளக்கொளி சுவரில் பட்டு, தரையில் பட்டு, பின்னர் நம் கண்ணை அடைகிறது. முன்பெல்லாம் விளையாட்டுகளில் இதைக் கணக்கிட நேரம் போதாது. எனவே, நிழல்களையும் பிரதிபலிப்புகளையும் பல உத்திகளைக் கொண்டு உண்மைபோல் காட்டினார்கள். புதிய முறையில் ஒளிக்கதிர் செல்லும் பாதையையே செயலி கணக்கிடுகிறது.

2018ஆம் ஆண்டு இதற்கெனத் தனிப் பகுதிகள் கொண்ட வரைகலை அட்டைகள் கணினிக்கு வந்தன. இரண்டே ஆண்டுகளில் அவ்வசதி கன்சோல்களுக்கும் வந்துவிட்டது. புதுமை முதலில் விலையுயர்ந்த கணினியில் தோன்றுவதும், பிறகு விலை குறைந்த கன்சோலை அடைவதும் இத்துறையில் அடிக்கடி நிகழ்வதுதான்.

ஆனால், ஒளிக்கதிர்களைக் கணக்கிடுவது மிகக் கடினமான வேலை. அதையும் செய்து, 4கே திரையின் 8 மில்லியன் புள்ளிகளையும் வினாடிக்கு 60 முறை வரைவது பெரும்பாலான செயலிகளால் இயலாது. இங்கேதான் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வருகிறது. சாதனம் 2 மில்லியன் புள்ளிகளை மட்டும் வரைகிறது. ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற மென்பொருள், முந்தைய படங்களையும் ஒப்பிட்டு, மீதமுள்ள புள்ளிகள் எப்படி இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. அதாவது, நாம் காணும் காட்சியில் கால் பங்குதான் வரையப்பட்டது. முக்கால் பங்கு ஊகிக்கப்பட்டது!

இம்முறையும் முதலில் கணினியில்தான் அறிமுகமானது. 2024ஆம் ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவும் 2025இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2உம் இதே வகை உத்தியைப் பயன்படுத்துகின்றன. கையில் எடுத்துச் செல்லும் சிறிய சாதனத்திலும் அழகான காட்சிகளைக் காண முடிவதற்கு இது முக்கியக் காரணம். மேகத்தைப் புதராக்கிய பழைய உத்தியின் நோக்கமும் இதன் நோக்கமும் ஒன்றே. இருப்பதை வைத்து, இல்லாததையும் இருப்பதுபோல் காட்டுவதே அது.

ஊகம் சில வேளைகளில் தவறாகும். வேகமாக நகரும் பொருளின் பின்னால் மங்கலான தடம் தெரியலாம். மேலும், சில சாதனங்கள் இரண்டு படங்களுக்கு இடையே புதிய படங்களையும் ஊகித்துச் செருகுகின்றன. அசைவு சீராகத் தெரியும். ஆனால், நீங்கள் பொத்தானை அழுத்தியதற்குச் சாதனம் விரைவாகப் பதிலளிக்கிறது என்று பொருளில்லை. விளம்பரத்தில் காணும் பெரிய எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விலையும் மின்சாரமும்

நிறுவனங்கள் ஏன் ஊகத்தை நாடுகின்றன? வலிமையான செயலிகளை முன்புபோல் மலிவாகத் தயாரிக்க முடியவில்லை என்பதே அதற்கு முக்கியக் காரணம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 299 டாலருக்கு விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலராகக் குறைந்தது. அப்போது செயலிகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க விலையும் குறைந்துவந்தது. இன்று அவற்றை மேலும் சிறிதாக்குவதற்கே பெருஞ்செலவாகிறது. பிளேஸ்டேஷன் 5இன் விலை, 2022இல் ஐரோப்பா, ஜப்பான் உட்படப் பல இடங்களிலும் 2025இல் அமெரிக்காவிலும் உயர்த்தப்பட்டது. சாதனம் பழையதாகும்போது விலை குறையும் என்ற வழக்கம் தலைகீழாகிவிட்டது.

மின்சாரமும் ஒரு வரம்பாகிறது. ஆர்டிஎக்ஸ் 5090 அட்டை முழுவேகத்தில் இயங்கும்போது 575 வாட் வரை மின்சாரத்தைப் பயன்படுத்தக்கூடும். ஒரே நேரத்தில் பல கூரை மின்விசிறிகளை ஓட்டுவதற்கு இது போதும். அந்த மின்சாரம் வெப்பமாக மாறி அறையிலேயே தங்குகிறது. நம் நாட்டைப் போன்ற வெப்பமான நாட்டில், அந்த வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனத்தையும் இயக்க நேரிடும்.

ஆகவே, கன்சோலும் கணினியும் இனி வலிமையை மட்டும் நம்பிப் போட்டியிடும் என்று எதிர்பார்க்க முடியாது. குறைவான வேலையைக் கொண்டு நிறைவான காட்சியைத் தருவது எப்படி என்பதிலேயே போட்டி அமையும். அதனால், இரண்டின் காட்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சாதாரணக் கண்களுக்கு மேலும் குறைவாகவே தெரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அப்படியானால், தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கருத வேண்டும்? முதலில், வீட்டிலுள்ள திரையைப் பாருங்கள். அது முழு உயர்தெளிவுத் திரையாக இருந்தால், 4கே காட்சிக்காகச் செலவிடும் பணத்தின் பயனை முழுமையாகக் காண முடியாது. அடுத்து, வேறு பயன்கள் உண்டா என்று சிந்தியுங்கள். கணினியில் பாடவேலை செய்யலாம்; காணொளி தொகுக்கலாம்; நிரல் எழுதவும் கற்கலாம். கன்சோலில் இவற்றுக்கான வசதி மிகக் குறைவு; ஆனால், விளையாடுவதற்கு மட்டும் என்றால் அது செலவு குறைந்த, எளிய வழி. விளையாட்டுகளின் விலையையும், நண்பர்களோடு இணையத்தில் விளையாடுவதற்கான சந்தாவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும்.

மற்றோர் உண்மையையும் மறக்கலாகாது. 2023ஆம் ஆண்டிற்குள் 300 மில்லியனுக்கும் மேல் விற்பனையாகிவிட்ட ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டில் மரமும் மலையும் ஆடும் மாடும் வெறும் கட்டங்களாகவே தோன்றுகின்றன. 2020இல் கணினிக்கு வந்த ஒளிக்கதிர்ப் பதிப்பில், அதே கட்டங்கள்மீது சூரிய ஒளி பட்டுத் தெறித்தது, நீரில் நிழலாடியது. பார்க்க அழகுதான். ஆனால், அதற்கு முன்பே மில்லியன் கணக்கானோர் அந்த விளையாட்டில் வீடு கட்டி மகிழ்ந்திருந்தார்கள். அவர்களை ஈர்த்தது காட்சியின் நுணுக்கமன்று. தாமே ஓர் உலகத்தைக் கட்டியெழுப்பும் வாய்ப்பு.

அடுத்த முறை சிற்றுண்டிச்சாலையில் இந்த வாதம் எழும்போது, “எது சிறந்தது?” என்று கேட்காதீர்கள். “யாருக்கு, எதற்கு, எவ்வளவு செலவில்?” என்று கேட்டுப் பாருங்கள். மணி அடிப்பதற்குள் விடை கிடைத்துவிடக்கூடும்.