சிலாபத்தின் பெயர், கட்டுநாயக்கவின் மைதானம்

இலங்கையின் முதல்தரக் கிரிக்கெட்டில் பிரீமியர் கிண்ணத்தை வென்ற கழகங்களின் பட்டியல் பெரும்பாலும் கொழும்பின் பட்டியல்தான். எஸ்.எஸ்.சி., கோல்ட்ஸ், கொழும்பு கிரிக்கெட் கழகம், நொன்டிஸ்கிரிப்ட்ஸ், புளூம்ஃபீல்ட், தமிழ் யூனியன் என்று அந்தப் பெயர்களே மாறி மாறி வரும். அவற்றுக்கு நடுவே 2009–10 பருவத்திலும் 2017–18 பருவத்திலும் சிலாபம் மேரியன்ஸ் இடம்பிடித்திருக்கிறது. புத்தளம் மாவட்டத்தின் கரையோர நகரம் ஒன்றின் பெயரைச் சுமந்த கழகம் நாட்டின் முதன்மைக் கிண்ணத்தை இருமுறை தூக்கியது சிறிய சாதனை இல்லை. ஆனால் அந்தக் கழகம் தன் சொந்த மைதானமாகப் பயன்படுத்தி வந்தது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் விளையாட்டரங்கை. சிலாபத்திலிருந்து கொழும்பு வீதியில் போனால் மாரவிலவும் வென்னப்புவவும் நீர்கொழும்பும் கழிந்த பிறகுதான் அந்த இடம் வரும். மாவட்டமும் வேறு, மாகாணமும் வேறு. பெயர் சிலாபத்தில் இருக்க ஆட்டம் கம்பஹா மாவட்டத்தில் நடக்கும் இந்த ஏற்பாடு மாற வேண்டும். கழகம் தன் கரைக்குத் திரும்பினால் கரைக்கும் நன்மை, கழகத்துக்கும் நன்மை.

ஏன் என்பதற்கு இங்கிலாந்தின் கவுண்டிக் கழகங்களைப் பார்ப்பது பயன்தரும். 1890-இல் முறையாகத் தொடங்கிய கவுண்டிச் சம்பியன்ஷிப்பின் அடிப்படையே ஒரு நிலப்பரப்பு தனக்கென ஓர் அணியை வைத்திருப்பது. 18 கழகங்களில் பெரும்பாலானவை இன்றும் உறுப்பினர்களுக்கே சொந்தம். சந்தா கட்டும் சாதாரண மனிதருக்கும் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் வாக்கு உண்டு. யோர்க்‌ஷயர் தன் தலைமை மைதானமான ஹெடிங்லியை விட்டு ஆண்டுதோறும் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊருக்குப் போய் ஆடுகிறது. குளொஸ்டர்ஷயர் 1870-களிலிருந்து செல்டனத்துக்குப் போய்வருகிறது. இங்கே நிலைமை வேறு. எஸ்.எஸ்.சி., நொன்டிஸ்கிரிப்ட்ஸ், கொழும்பு கிரிக்கெட் கழகம் ஆகிய மூன்றின் மைதானங்களும் கொழும்பு 7-இல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. கழகங்களை வைத்துக் கட்டிய அமைப்பில் ஊர்களுக்கு இடம் தானாக வந்து சேராது. ஊரின் பெயர் தாங்கிய கழகமாவது அந்த இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும்.

உடனே எழும் மறுப்பு மைதானம் பற்றியது. நான்கு நாள் ஆட்டத்துக்குத் தேவையான புற்தரை ஆடுகளம், உருளை, தண்ணீர், உடைமாற்றும் அறை, வீரர்கள் தங்க இடம், இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எசெக்ஸ் கவுண்டியின் கதை இதற்கு நல்ல பதில். 1933-இல் லேட்டன் மைதானத்தை விட்டு வெளியேறிய அந்தக் கழகத்துக்கு, 1960-களில் செம்ஸ்ஃபர்டில் சொந்த இடம் வாங்கும்வரை நிரந்தர வீடு இல்லை. அதற்காக அது அயல் கவுண்டிக்குக் குடிபெயரவில்லை. இல்ஃபர்ட், சவுத்எண்ட், கொல்செஸ்டர் என்று தன் எல்லைக்குள்ளேயே ஊர் ஊராகப் போனது. புள்ளிப்பலகையைக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆடியது. 1979-இல் தன் முதல் சம்பியன் பட்டத்தையும் வென்றது. நம் கரைக்கு இயற்கையின் சாதகமும் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை புத்தளத்துப் பக்கம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். நான்கு நாள் ஆட்டத்துக்கு அதைவிட நல்ல காலம் எது?

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது: கொழும்புக்கு அருகில் இருந்ததால்தானே நல்ல வீரர்கள் வந்தார்கள், அதனால்தானே கிண்ணமும் வந்தது? இதிலும் உண்மை உண்டு. கழகத்தின் முக்கியத் துடுப்பாட்ட வீரர்களில் ஒருவரான மஹேல உடவத்த கொழும்பு ஆனந்தா கல்லூரியின் மாணவர். வெளியூர் வீரர் வருவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளூரில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிலாபத்தில் பிறந்த ஷமிந்த எரங்க, சிலாபம் மேரியன்ஸுக்கும் பிறகு தமிழ் யூனியனுக்கும் ஆடியவர். 2011-இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தன் டெஸ்ட் வாழ்க்கையின் முதல் பந்திலேயே ஆஸ்திரேலியாவின் ஷேன் வொட்சனை ஆட்டமிழக்கச் செய்தார். 2014 ஜூன் 24 அன்று, யோர்க்‌ஷயரின் ஹெடிங்லியில், இங்கிலாந்தின் கடைசி விக்கெட்டைச் சாய்க்க இலங்கைக்கு மிஞ்சியிருந்தவை இரண்டே பந்துகள். எதிரே ஜேம்ஸ் அண்டர்சன், அதுவரை 54 பந்துகளைச் சமாளித்து ஓட்டம் எதுவும் எடுக்காமல் நின்றவர். எரங்க பந்தைக் குத்தி எழுப்பினார். உடலை நோக்கி வந்ததைத் தடுக்கப்போன அண்டர்சனின் மட்டையில் பட்டு அது மேலெழ, ரங்கன ஹேரத் பிடித்தார். டெஸ்ட் தொடர் இலங்கை வசமானது. வீசியவர் சிலாபத்தில் பிறந்தவர், பிடித்தவர் குருநாகலைச் சேர்ந்தவர். இருவரும் வடமேல் மாகாணத்தவர். ஹேரத்தும் குருநாகல் யூத் கழகத்தில் தொடங்கிக் கொழும்புக் கழகங்களுக்குப் போனவர்தான். கரையில் பிறக்கும் திறமை மேலே வரக் கரையை விட்டு வெளியேற வேண்டியிருப்பதே குறை.

யோர்க்‌ஷயரின் பெயரைச் சொல்லும்போது அதன் தவறையும் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் பிறந்தவருக்கே இடம் என்ற வழக்கத்தை அது 1990-களின் தொடக்கம்வரை பிடித்துக்கொண்டிருந்தது. 1992-இல் சச்சின் டெண்டுல்கர் அதன் முதல் வெளிநாட்டு வீரராகச் சேர்ந்தார். அப்போதும் பிரட்ஃபர்ட் போன்ற நகரங்களில் வாழும் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. அதன் முன்னாள் வீரர் அசீம் ரஃபீக் பகிரங்கமாக எழுப்பிய இனவெறிக் குற்றச்சாட்டுகள் 2021-இல் அந்தக் கழகத்தையே உலுக்கின. ஊர்ப்பற்று பிறப்புச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கினால் இதுதான் நடக்கும். நம் கரைக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். சிங்களக் கத்தோலிக்கர், உடப்புத் தமிழர், கற்பிட்டி–புத்தளம் முஸ்லிம்கள், 1990-இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கேயே வேரூன்றிய குடும்பங்கள் என எல்லோரும் வாழும் மாவட்டம் இது. இந்தப் பிள்ளைகள் மென்பந்தில் ஆடாத கடற்கரை இல்லை. கடினப்பந்துக்கு அவர்களைக் கொண்டுவரும் வழி அவர்கள் வீட்டருகே தொடங்கினால், கழகத்துக்கு எந்தச் சமூகத்துக் கதவும் மூடியிருக்காது.

முதல்தர ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலேயே ஆள் வருவதில்லை, சிலாபத்தில் யார் வரப்போகிறார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கொழும்பில் வராததற்குக் காரணம் அங்கே அரைக் கிலோமீற்றருக்கு ஒரு மைதானம் இருப்பது. கொழும்பைக் கணக்கில் வைத்து, தேசிய வீரர் பந்துவீசுவதைப் பத்து மீற்றர் தூரத்தில் நின்று பார்த்தறியாத ஓர் ஊரின் ஆர்வத்தை அளக்கக் கூடாது. 2022-இல் தொடங்கிய தேசிய சுப்பர் லீக்கின் ஐந்து அணிகள் கொழும்பு, காலி, கண்டி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகியவற்றின் பெயரில் அமைந்தன. அந்த வரிசையில் இந்தக் கரை இல்லை. ஆகவே கழக நிர்வாகத்திடமும் ஸ்ரீலங்கா கிரிக்கெட்டிடமும் கேட்பது இதுதான்: ஒவ்வொரு பருவத்திலும் சிலாபம் மேரியன்ஸின் ஒரு நான்கு நாள் ஆட்டத்தையாவது புத்தளம் மாவட்டத்துக்குள் நடத்துங்கள். அதற்கான ஆடுகளத்தைச் சிலாபத்தில் அமைக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.