தொட்டிச் சுவரை எடுத்தால் தரைக்கு வேலை கூடும்

வீட்டில் முதியவர்கள் எங்கே விழுவார்கள் என்று கேட்டால் பலரும் மாடிப்படியைத்தான் காட்டுவார்கள். அமெரிக்கா, கனடா வீடுகளில் அஞ்ச வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. அது குளியல் தொட்டியின் பக்கச் சுவர். ஒரு மாடிப்படி ஏறக்குறைய ஏழு அங்குல உயரம் இருக்கும். தொட்டிச் சுவரோ 14 முதல் 20 அங்குலம். படியைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயரத்தை, ஈரக்காலோடு, பெரும்பாலும் பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் தாண்ட வேண்டும். உள்ளே போகும்போது ஒரு முறை. சோப்பு நுரையும் வெந்நீரும் பட்ட உடம்போடு வெளியே வரும்போது இன்னொரு முறை.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2008ஆம் ஆண்டில் மட்டும், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 2,34,000 பேர் குளியலறையில் காயப்பட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேர் விழுந்ததால் வந்தவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட காயங்கள் குளிக்கும்போதோ, குளித்துவிட்டு வெளியேறும்போதோ நேர்ந்தவை. வயது ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. இளைஞருக்கு அது ஒரு சிராய்ப்போடு போகும். எண்பது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறியும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பது எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த துயரம்.

அந்தச் சுவரைத் தாண்டும்போது உடம்பில் என்ன நடக்கிறது? ஒரு காலைத் தூக்கியதும் எடை முழுவதும் மற்றப் பாதத்துக்கு வந்துவிடுகிறது. விழாமல் நிற்க வேண்டுமானால், உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அந்தப் பாதத்தின் பரப்புக்குள் விழ வேண்டும். பாதத்தின் அகலம் மூன்று, நான்கு அங்குலம்தான். நடக்கும்போதும் நாம் ஒற்றைக்காலில் நிற்கத்தான் செய்கிறோம். ஆனால் அரை நொடிக்குள் அடுத்த கால் வந்து தாங்கிவிடுகிறது. தொட்டிச் சுவரைத் தாண்டும்போது அந்த ஒற்றைக்கால் நேரம் நீள்கிறது. தூக்கிய கால் பக்கவாட்டில் விலகிப் போவதால் ஈர்ப்பு மையமும் அந்தப் பக்கம் இழுபடுகிறது.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த நீண்டகால ஆய்வொன்றில், 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பத்து நொடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. 71 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரால் முடியவில்லை. 2022இல் வெளியான இந்த ஆய்வு பேசப்பட்டதற்குக் காரணம், நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம் கூடுதல் என்று அது கண்டதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. உலர்ந்த தரையில், கண்ணைத் திறந்துகொண்டு, ஆய்வாளர் பக்கத்தில் நிற்கும்போதே இந்த நிலை. குளியலறையில் அந்தச் சலுகை எதுவும் கிடையாது.

உடம்பின் சமநிலையைக் காப்பவை மூன்று: கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள். குளியலறை இந்த மூன்றில் இரண்டைப் பறித்துக்கொள்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாயிற்று; மிச்சப் பார்வையை ஆவி மறைக்கிறது; தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணையே மூடிக்கொள்கிறோம். வழுக்கும் பரப்பில் உள்ளங்கால் அனுப்பும் செய்தியையும் நம்ப முடியாது. எஞ்சியிருப்பது உட்காது, அதுவும் வயதோடு மங்குவது.

தொட்டியில் படுத்துக் குளிப்பவர்களுக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. வெந்நீரில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஆனால் வெளியிலிருந்து தண்ணீரின் அழுத்தம் காலை இறுக்கிப் பிடித்திருப்பதால், ரத்தம் அங்கே தேங்குவதில்லை. நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் இந்த அழுத்தம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். எழுந்து நின்றதும் இறுக்கம் சட்டென்று விலகுகிறது. விரிந்த குழாய்கள் அப்படியே இருக்கின்றன. ரத்தம் கால்களுக்கு இறங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தத் தள்ளாட்டம் இன்னும் கடுமை. ஆழமான தொட்டியும் நல்ல சூடான நீரும் விருப்பமான ஜப்பானில், வீட்டுத் தொட்டியில் மூழ்கி ஆண்டுதோறும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் இறக்கிறார்கள். தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் அமிழ்ந்திருக்க வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் முகமை குளிர்காலந்தோறும் சொல்லிவருகிறது.

டொரன்டோ மறுவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், பாதுகாப்புக் கச்சை மாட்டிய மனிதர்கள் தொட்டியைவிட்டு வெளியேறும் தறுவாயில் மேடையைச் சட்டென்று அசைத்துப் பார்த்தார்கள். சுவர்க் கம்பியைப் பிடித்தவர்களே பெரிதும் நிலைமீண்டார்கள். அந்த நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில்தான் ஈழத்திலிருந்து போன ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. கிணற்றடியில், தரையில் நின்று வாளியால் அள்ளிக் குளித்தே வளர்ந்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் எழுபது வயதுக்கு மேல் இந்தச் சுவரைத் தாண்டப் பழக வேண்டியிருக்கிறது. தொட்டியை எடுத்துவிட்டு, நேராக நடந்து நுழையும் ஷவர் அமைப்பது அவர்களுக்கு ஆடம்பரமல்ல.

பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி. விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் 1883இல் இந்த வகையைச் செய்து விற்கத் தொடங்கினார். 130, 140 கிலோ எடை; வாசல் வழியாகத் தூக்கிப்போவது கடினம் என்பதால் சம்மட்டியால் உடைத்துத் துண்டாக எடுப்பார்கள். அது போனபின் கிடைக்கும் இடம் ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சக்கர நாற்காலியோடு நுழையும் ஷவருக்குக் கேட்கும் குறைந்த அளவும் சரியாக அதுதான். சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. தொட்டி கிடந்த இடமே போதும்.

இனித்தான் கடினமான பகுதி. தொட்டி என்பது ஒரே வார்ப்பில் செய்த பாத்திரம். அதன் சுவர்தான் இத்தனை காலமும் தண்ணீரை அடக்கி வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுவதையும் தரை செய்ய வேண்டும். விளம்பரங்களில் கண்ணாடித் தடுப்பையும் டைல்ஸின் அழகையும் பார்க்கிறோம். வெற்றியும் தோல்வியும் அவற்றுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மூன்று அங்குலத்தில் இருக்கின்றன.

முதலில் வடிகுழாய். தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் குழாய் வழக்கம். தண்ணீர் மெதுவாக வடிந்தாலும் சுவர் பிடித்து வைத்திருந்ததால் பாதகமில்லை. தடுப்பில்லாத ஷவரில் அப்படித் தேங்கினால் தண்ணீர் படுக்கையறைக்கு நடந்துவிடும். ஆகவே இரண்டு அங்குலக் குழாய் போடுவது நல்ல வழக்கம். அரை அங்குலம்தானே என்று தோன்றும். குழாயின் குறுக்குப்பரப்பு 78 சதவீதம் கூடுகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க ஷவர் தலை ஒன்று நிமிடத்துக்கு 9.5 லிட்டருக்கு மேல் கொட்டக் கூடாது. ஆனால் தலைமேல் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். பழைய குழாயிலேயே இணைத்துவிடலாம், செலவு மிச்சம் என்று சொல்லும் பிளம்பரிடம் இதைக் கேளுங்கள்.

அடுத்தது, நம் கொத்தனார்கள் சொல்லும் வாட்டம். அடிக்குக் கால் அங்குலம், அதாவது இரண்டு சதவீதம். குறைந்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கூடினால் பாதம் சாய்ந்தே நிற்கும். குளியல் நாற்காலி ஆடும். நடுவில் வட்டமான வடிகால் வைத்தால் நான்கு பக்கமும் வாட்டம் வேண்டும். பெரிய டைல்ஸ் அதற்கு வளையாது. சின்னஞ்சிறு டைல்ஸ் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரோரம் நீளவாக்கில் வடிகால் வைத்து ஒரே பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும்.

நீர்க்காப்பைப் பற்றித்தான் மக்களிடம் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் சிமென்ட் கலவை; நுண்துளைகள் நிறைந்தது. நுண்துளை ஈர்ப்பால் தண்ணீர் அதன் வழியே ஒவ்வொரு நாளும் கீழே இறங்கும். டைல்ஸ் வெறும் சட்டை; மழைக்கோட்டு அதற்கு அடியில் இருக்க வேண்டும். தரை முழுவதும், சுவரிலும் உயரமாக ஏறி, மூலைகளில் இடைவெளியில்லாமல் ஒட்டிய நீர்க்காப்புப் படலம்தான் அந்தக் கோட்டு. அந்தப் படலத்துக்கே வாட்டம் இருக்க வேண்டும். தட்டையான தரையில் படலத்தை விரித்து, அதன்மேல் காரைபூசி வாட்டம் கொடுத்தால், ஊறிய நீர் படலத்தின்மேல் வெளியேற வழியின்றிக் கிடந்து நாறும்.

வட அமெரிக்க வீடுகளின் தளம் மரச்சட்டங்களின் மேல் நிற்பது. வாசல் தட்டாமல் தரையைச் சமமாக்க வேண்டுமானால் ஷவர் பகுதியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். அவசரக்காரர்கள் சட்டத்தின் மேற்பகுதியைச் செதுக்கிவிடுகிறார்கள். சட்டத்தின் வலிமை அதன் ஆழத்தின் இருமடியைப் பொறுத்தது. கால்பங்கு ஆழத்தை வெட்டினால் அந்த இடத்தில் வலிமை 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தளம் துவளும், துவண்டால் கிரவுட் விரியும், தண்ணீர் இறங்கும், மரம் உளுத்துப்போகும். சட்டத்தை வெட்டாமல், இரண்டு சட்டங்களுக்கு நடுவே பலகையை இறக்கிப் பொருத்தும் வழி இருக்கிறது. முடியாவிட்டால் இரண்டு அங்குல வரம்பு ஒன்றை விட்டுவிடுவதே மேல். இரண்டு அங்குலத்தைத் தாண்டுவது இருபது அங்குலத்தைத் தாண்டுவதைப் போலல்ல.

தண்ணீர் அடங்கிவிட்டது, இனி வழுக்கல். சமதரையில் இயல்பாக நடக்கப் பாதத்துக்கு ஏறக்குறைய 0.2 அளவு உராய்வு தேவை. பாதத்துக்கும் வழவழப்பான டைல்ஸுக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் மெல்லிய படலமாக மாட்டிக்கொண்டால் உராய்வு அதற்கும் கீழே போய்விடும். ஜெர்மனியில் இதைச் சோதிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் பதித்த சரிவுப் பலகையில் சோப்புக் கரைசல் வழிய, ஒருவர் வெறுங்காலோடு நடக்க, சரிவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். 12 டிகிரி வரை தாங்கினால் ஏ, 18 வரை பி, 24 வரை சி. ஷவர் தரைக்கு பி தரம் வேண்டும். சின்ன டைல்ஸ் இங்கும் கைகொடுக்கிறது: நெருக்கமான இடுக்குகள் வழியே தண்ணீர் ஒதுங்கிக்கொள்ள, உள்ளங்கால் தரையைத் தொடும். தொட்டியே இல்லாத நம் ஊர்க் குளியலறைகளும் இந்த இடத்தில் தப்பவில்லை. கூடத்துக்குப் போட்ட பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸையே குளியலறைக்கும் போட்டுவிடுகிறோம்.

சுவர் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கைப்பிடிக் கம்பி வரப்போகும் இடத்தில், உள்ளே கனமான மரப்பலகை அடித்து வைப்பது. அமெரிக்க விதிப்படி கம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும்; 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணத்தில் நிற்கும் கம்பிகளை நம்பி உடம்பின் எடையை விடக் கூடாது. உட்கார ஒரு பலகை, கையில் எடுத்து ஊற்றும் ஷவர், 49 டிகிரிக்கு மேல் சூடு போகாமல் தடுக்கும் குழாய் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 60 டிகிரி வெந்நீர் ஐந்தே நொடியில் தோலை வேகவைத்துவிடும்.

கதவு வைத்த குளியல் தொட்டி என்று ஒன்றும் விற்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நிரம்பும்வரை குளிரில் காத்திருந்து, குளித்தபின் தண்ணீர் முழுதும் வடியும்வரை நனைந்த உடம்போடு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இடையில் மயக்கம் வந்தால் உடனே வெளியேற வழியில்லை. இடித்துக் கட்டப் பணமில்லாதவர்களுக்கு அதைவிட நல்லது, தொட்டிச் சுவரின் குறுக்கே போடும் பெஞ்சு. வெளியே உட்கார்ந்து, நகர்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டிய அந்த நேரமே இல்லாமல் போகும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரண்டு குளியலறை இருந்தால் ஒன்றில் தொட்டியை விட்டுவைக்கலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் முதல் வீழ்ச்சிக்குப் பிறகுதான் இந்த வேலையைத் தொடங்குகின்றன. அதற்குமுன் தொடங்குங்கள். தொடங்கும்போது ஒப்பந்ததாரரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: படலம் ஒட்டி முடிந்ததும், டைல்ஸ் பதிப்பதற்கு முன், வடிகாலை அடைத்து 24 மணிநேரம் தண்ணீர் நிறுத்திக் காட்ட வேண்டும். மறுநாள் நீர்மட்டம் இறங்காமலும், கீழ்த்தளத்துக் கூரை நனையாமலும் இருந்தால் டைல்ஸ் பதிக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஒப்பாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.