உஷார்! அவை கூடாத நாளில் வரும் சட்டம்

2017 மே 23. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த தொடர் ஜூலை 17-இல்தான். அந்த இடைவெளியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கால்நடைச் சந்தை விதிகளை அரசிதழில் வெளியிட்டது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது. அப்படி விற்கவில்லை என்று விற்பவர் எழுதித் தர வேண்டும். வாங்குபவர் தான் விவசாயி என்று ஆதாரம் காட்ட வேண்டும். ஆறு மாதம் அந்த மாட்டை விற்கக் கூடாது. விற்பனைச் சான்றுக்கு ஐந்து பிரதிகள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை படிகிற சந்தைக்கு ஐந்து பிரதிகள்! இதை எழுதியவர் மணப்பாறைப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார். போதாக்குறைக்கு, அந்த விதிகளின் கணக்கில் ஒட்டகமும் மாடுதான்.

இதற்காக எந்த அவையிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடக்கத் தேவையும் இல்லை. பயம் அங்கேதான்.

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், நடைமுறைப்படுத்துவது அரசு என்று பள்ளியில் படித்தோம். நடப்பு வேறு. சட்டத்தில் எலும்புக்கூடு மட்டும் இருக்கும். 'விதிகளில் வகுக்கப்பட்டவாறு' என்று ஒரு சொற்றொடர் வரும். சதையை அமைச்சகம் வைக்கும். கட்டணம் எவ்வளவு, படிவம் எது என்பதையெல்லாம் அவையில் உட்கார்ந்து பேச முடியாது என்பது நியாயம்தான். ஆனால் சட்டத்தின் அடிப்படைக் கொள்கையையே அதிகாரிகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 1951-இலேயே டெல்லி சட்டங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது. சந்தை விதிகள் அந்தக் கோட்டருகே நின்றன. அவற்றின் மூலச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். உணவுக்காக விலங்கைக் கொல்வதை, தேவையற்ற துன்பம் தராதவரை, அதுவே குற்றமாகக் கருதவில்லை. போதாததற்கு, சந்தை என்பது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம்.

அப்படியானால் நாடாளுமன்றத்தின் கடிவாளம்? இருக்கிறது. விதிகளை இரு அவைகளின் மேசையிலும் மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம், நீக்கலாம். ஒரே ஓர் அவை எதிர்த்தால் போதாது. அந்த நாட்களிலும் விதி அமலில்தான் இருக்கும். பின்னால் நீக்கினாலும் அதுவரை நடந்தவை செல்லும். குதிரை ஓடிய பிறகு கையில் தருகிற கடிவாளம் இது. விதிகளைச் சல்லடை போட இரு அவைகளிலும் தனிக் குழுக்கள் உண்டு; மலைபோல் குவிகிற விதிகளில் எத்தனையை அந்தக் குழுக்கள் சல்லடையில் போட முடியும்?

சந்தை விதிகளை நிறுத்தியதும் நாடாளுமன்றம் அல்ல. மே 30-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நான்கு வாரத் தடை விதித்தது. ஜூலை 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. மழைக்காலத் தொடர் அப்போதும் தொடங்கியிருக்கவில்லை.

இன்னொரு சங்கதி கேளுங்கள். அந்த விதிகளின் வரைவு வெளியான தேதி 2017 ஜனவரி 16. ஆட்சேபணைக்கு 30 நாள் கெடு. மறுநாள் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர் கூட்டம் திரளத் தொடங்கியது. காளைக்காகத் தமிழ்நாடே கடற்கரையில் நின்றபோது, காளையை விற்கும் சந்தைக்கான வரைவு டெல்லியில் சத்தமில்லாமல் கெடுவை எண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஜல்லிக்கட்டுத் தடைக்கு விதை போட்டதும் ஓர் அறிவிக்கைதானே! 2011 ஜூலை 11-இல், காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையையும் சேர்த்தார்கள். அன்று எத்தனை பேர் கவனித்தோம்? 2014 மே 7-இல் ஜல்லிக்கட்டைத் தடை செய்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் விழித்தோம்.

2020-இல் இன்னும் மோசம். ஊரடங்கு நேரத்தில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தது. அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். எட்டாவது அட்டவணை மொழிகளிலும் வெளியிட்டுக் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தன் ஊர் ஆற்றைப் பற்றித் தன் மொழியில் படிக்கவே கோர்ட் படியேற வேண்டும்!

ஆகவே உஷார். விவசாய சங்கமோ வியாபாரிகள் சங்கமோ மீனவர் சங்கமோ, ஒருவரையாவது மத்திய அரசிதழையும் தமிழ்நாடு அரசிதழையும் வாரம் ஒருமுறை பார்க்க நியமியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'வரைவு' என்ற சொல் கண்ணில் பட்டால் அன்றே மூலச் சட்டத்தை எடுத்து, அதில் இல்லாத எதை விதி நுழைக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஆட்சேபணையை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீதிமன்றத்தில் அதுவே கைகொடுக்கலாம். எல்லா விதிக்கும் வரைவு வரும் என்று நம்பியிருக்காதீர்கள். முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று மூலச் சட்டம் சொன்னால்தான் அது கட்டாயம். வரைவு வந்தால் முதலில் கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தாளில் அச்சான தேதியாக இருக்காது. அரசிதழ்ப் பிரதி பொதுமக்கள் கைக்குக் கிடைக்கும் நாளாக இருக்கும்.